மாரடைப்புக்குப் பிறகு ஒரு சால்சா மாலை

மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர்கள் எங்கள் இதயநோய்ப் பிரிவில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் உணவு, மாத்திரை, மாடிப்படி, வேலை ஆகியவற்றைப் பற்றியவை. சில மாதங்களுக்கு முன் ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் வேறொரு கேள்வியுடன் வந்தார். "டாக்டர், நான் மறுபடியும் சால்சா ஆடலாமா?" அருகில் அமர்ந்திருந்த அவருடைய மனைவி எங்கள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "கூடாது என்று சொல்லிவிடுங்கள் டாக்டர். நீங்கள் சொன்னால்தான் கேட்பார்" என்றார்.

அக்கேள்விக்கு நாங்கள் விடை கண்ட விதத்தை, அத்தம்பதியரின் இசைவுடன் இங்கே எழுதுகிறோம். மாரடைப்புக்குப் பின் உடலை அசைக்கவே அஞ்சும் எவருக்கும், அவரைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கும் இது பயன்படும் என்று கருதுகிறோம்.

சால்சா என்பது என்ன?

கியூபாவின் 'சோன்' இசையை வேராகக் கொண்டு, நியூயார்க் நகரில் வாழ்ந்த போர்ட்டோ ரிக்கோ, கியூபா மக்களிடையே 1960களிலும் 1970களிலும் உருப்பெற்றது சால்சா. இன்று கொலம்பியாவின் காலி நகரிலிருந்து சென்னை வரை அது ஆடப்படுகிறது. 'சோசியல்' எனப்படும் மாலைக் கூடுகையில் மேடையும் இல்லை, போட்டியும் இல்லை. முதலில் புதியவர்களுக்கு ஒரு வகுப்பு நடக்கும். பின்னர் இசை ஒலிக்க, ஒருவர் மற்றொருவரை அழைத்து ஆடுவார். பாடல் முடிந்ததும் நன்றி கூறி விலகலாம். அழைப்பை மறுப்பதும் தவறன்று.

ஆட்டத்தின் அடிப்படை எளிது. எட்டு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்றில் 1, 2, 3 ஆகியவற்றில் அடி வைத்து, 4இல் நிற்க வேண்டும். 5, 6, 7இல் அடி வைத்து, 8இல் நிற்க வேண்டும். ஆக, எட்டு எண்ணிக்கைக்கு ஆறு அடிகள். இதய மருத்துவருக்கு இக்கணக்கு முக்கியமானது. நிமிடத்திற்கு 180 எண்ணிக்கை ஓடும் பாடலில் ஆடுபவர் நிமிடத்திற்கு 135 அடி வைக்கிறார். நடைப்பயிற்சியில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 100 அடி என்பதே மிதமான வேகம். சால்சாவின் அடிகள் சிறியவை. ஆயினும் வேகமான பாடலுக்கு இதயம் உழைக்கும் உழைப்பு சிறியதன்று. அதே மாலையில் இடையிடையே ஒலிக்கும் 'பச்சாட்டா', டொமினிக்கன் குடியரசைச் சேர்ந்தது. பெரும்பாலும் வேகம் குறைந்தது.

பரிசோதனை முதலில்

அவருக்கு ஆஞ்சியோபிளாஸ்டி செய்து ஸ்டென்ட் பொருத்தி மூன்று மாதங்கள் கடந்திருந்தன. எக்கோ பரிசோதனையில் இதயம் இரத்தத்தை வெளியேற்றும் திறன் ஏறத்தாழ இயல்பாக இருந்தது. இதய மறுவாழ்வுப் பயிற்சியை அவர் முழுமையாக முடித்திருந்தார். டிரெட்மில் பரிசோதனையில் நெஞ்சுவலியோ, இ.சி.ஜி. மாற்றமோ, துடிப்பில் ஒழுங்கின்மையோ தோன்றவில்லை. எனவே, மெதுவான பாடல்களில் தொடங்கி, இடையிடையே ஓய்வெடுத்து ஆடலாம் என்று கூறினோம்.

அவருடைய மனைவிக்கு அந்த அறிக்கைகள் போதவில்லை. மாரடைப்பு வந்த இரவில் கணவரை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுவந்தவர் அவர். அன்றுமுதல் குளியலறைக் கதவைத் தாழிட அவர் விடுவதில்லை. நள்ளிரவில் எழுந்து, கணவருக்கு மூச்சு சீராக வருகிறதா என்று பார்ப்பார். தெருவில் நடக்கும்போது அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். "நீங்கள் ஒருமுறை நேரில் வந்து பாருங்கள். அதன் பிறகும் ஆடலாம் என்றால் நான் தடுக்க மாட்டேன்" என்றார். எனவே, ஒரு சனிக்கிழமை மாலை மருத்துவரும் இயன்முறை மருத்துவருமாக நாங்கள் இருவர் சென்றோம்.

அந்த மாலையில்

சென்னையில் உள்ள ஒரு நடனப் பயிற்சிக்கூடம் அது. மரத்தளம், ஒரு சுவர் முழுவதும் கண்ணாடி, ஓரத்தில் நாற்காலிகள், தண்ணீர்க் கேன். நாற்பது பேர் இருந்திருப்பார்கள். கணவர் பல ஆண்டுகள் ஆடியவர். மனைவிக்கு அதுவே முதல் முறை. அருகிலேயே இருக்க வேண்டும் என்பதற்காகவே அவர் புதியவர்களின் வகுப்பில் சேர்ந்தார்.

கைகோத்து ஆடத் தொடங்கியதும் பயிற்சியாளர் அவரிடம் வந்து, "மேடம், விரலைத் தளர்த்துங்கள். இறுக்கிப் பிடித்தால் சார் எந்தப் பக்கம் போகிறார் என்று உங்கள் கைக்குத் தெரியாது" என்றார். இணை நடனத்தில் ஒருவர் தம் உடல் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றுவது, தளர்ந்த கையின் வழியாகவே மற்றவருக்கு எட்டுகிறது. மூன்று மாதங்களாக மணிக்கட்டைப் பற்றியிருந்த அந்தக் கை, சில முயற்சிகளுக்குப் பின்னரே தளர்ந்தது.

முதல் இரண்டு பாடல்கள் நன்றாக முடிந்தன. மூன்றாவது பாடல் வேகமானது. பாதிப் பாடலில் மனைவி ஏதோ கேட்க, அவரால் மூச்சு வாங்காமல் பதில் சொல்ல இயலவில்லை. அவர் தாமாகவே நின்றார். இருவரும் ஓரத்திற்கு வந்தனர். நாங்கள் எழுந்தோம், ஆனால், அம்மையார் எங்களை அழைக்கவில்லை. சற்று நேரம் கணவரை மெதுவாக நடக்க வைத்து, பின்னர் அமரச் செய்து, "நெஞ்சு வலிக்கிறதா? தலை சுற்றுகிறதா?" என்று இரண்டே கேள்விகள் கேட்டார். மறுவாழ்வுப் பயிற்சியின்போது நாங்கள் கற்றுக்கொடுத்த கேள்விகள் அவை. இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தது. மூன்று நிமிடங்களில் அவர் முழு வாக்கியங்களாகப் பேசத் தொடங்கினார். நாங்கள் நாடி பார்த்தோம், சீராக இருந்தது.

அடுத்து ஒலித்த மெதுவான பச்சாட்டாவில் அவர் மீண்டும் ஆடினார். அதற்கடுத்த வேகமான பாடலுக்கு அவர் நாற்காலியில் அமர்ந்துகொள்ள, வகுப்பில் உடன் பயின்ற ஓர் இளம்பெண் அம்மையாரை ஆட அழைத்தார். தயங்கினார், பின்னர் சென்றார். பாடல் முடியும் வரை அவர் கணவரின் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று மாதங்களில் அவர் கவலையின்றி இருந்த முதல் நான்கு நிமிடங்கள் அவையே என்று பின்னர் எங்களிடம் கூறினார்.

நடனம் இதயத்திற்கு நல்லதா?

இத்தாலியில் இதயச் செயலிழப்பு உடையவர்களிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஓர் ஆய்வில், எட்டு வாரங்கள் மேற்பார்வையுடன் வால்ட்ஸ் நடனம் ஆடியவர்களின் உடல்திறன், வழக்கமான உடற்பயிற்சி செய்தவர்களுக்கு இணையாக மேம்பட்டது. வால்ட்ஸ் சால்சாவைப் போன்ற வேகம் உடையதன்று என்பதையும், அந்நோயாளிகள் நிலையான உடல்நிலையில் இருந்தவர்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பை உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. நடனமும் அக்கணக்கில் சேரும்.

எனினும், எல்லோருக்கும் உடனே அனுமதி இல்லை. ஓய்விலும் நெஞ்சுவலி வருபவர்கள், இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், இதய வால்வு மிகவும் சுருங்கியவர்கள் ஆடக் கூடாது. பைபாஸ் அறுவை சிகிச்சைக்குப் பின் மார்பெலும்பு கூடுவதற்கு மூன்று மாதங்கள் வரை ஆகலாம். அதுவரை கைகளை இழுக்கும் ஆட்டம் வேண்டாம். பேஸ்மேக்கர் பொருத்திய முதல் சில வாரங்களில் அப்பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் உயர்த்தக் கூடாது. பேஸ்மேக்கர் பெரும்பாலும் இடப்பக்க மார்பில் பொருத்தப்படுகிறது. சால்சாவில் துணையைச் சுழற்ற, வழிநடத்துபவர் பெரும்பாலும் இடக்கையைத்தான் உயர்த்துகிறார்.

ஆடுபவர்களுக்குச் சில குறிப்புகள்

பீட்டா பிளாக்கர் மாத்திரை உட்கொள்பவர்களின் நாடித்துடிப்பு உழைப்பிற்கேற்ப உயராது. எனவே, கைக்கடிகாரம் காட்டும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். ஆடும்போது உங்களால் பேச முடிய வேண்டும். பேச முடியவில்லையெனில் பாடலின் நடுவிலேயே நின்றுவிடுங்கள். நிற்பது மரியாதைக் குறைவு என்று எந்தத் துணையும் எண்ணமாட்டார்.

இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்பவர்களுக்கு வேகமான சுழற்சியில் தலைசுற்றல் ஏற்படலாம், சுழற்சிகளைத் தவிர்க்கலாம். இன்சுலின் செலுத்துபவர்கள் கையில் சர்க்கரையோ குளுக்கோசோ வைத்திருக்க வேண்டும். பாதத்தில் உணர்வு குறைந்த நீரிழிவாளர்கள் வெறுங்காலுடன் ஆட வேண்டாம். வயிறு நிறைய உண்ட உடனே ஆடுவதையும் தவிர்க்க வேண்டும்.

நெஞ்சுவலியோ, நெஞ்சில் இறுக்கமோ, தாடைக்கோ கைக்கோ பரவும் வலியோ, குளிர்ந்த வியர்வையோ தோன்றினால் உடனே அமருங்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்திருந்தால், நாவின் அடியில் வைக்கும் மாத்திரையை அமர்ந்தபடியே பயன்படுத்துங்கள். ஐந்து நிமிடங்களில் வலி நீங்காவிட்டால் 108ஐ அழையுங்கள். அந்த மாத்திரை இல்லாதவர்கள் காத்திராமல் அழையுங்கள்.

கவனித்துக்கொள்பவர்களுக்கு

உங்கள் அச்சம் காரணமற்றதன்று; அந்த இரவை நீங்கள் கண்டவர்கள். ஆயினும், நோயாளியின் ஒவ்வோர் அசைவையும் காவல் காப்பது உங்களைக் களைப்படையச் செய்யும். அவரையும் கட்டிலிலேயே இருத்திவிடும். எந்த அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும், எப்போது நிறுத்தச் சொல்ல வேண்டும், எப்போது உதவி அழைக்க வேண்டும் என்ற மூன்றையும் எங்களிடம் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். மறுவாழ்வுப் பயிற்சியின் வகுப்புகளுக்கு நோயாளியுடன் நீங்களும் வரலாம்.

மாரடைப்புக்கு முன் விரும்பிச் செய்த ஒன்று ஒவ்வொருவருக்கும் இருக்கும். அது நடனமாக இருக்கலாம்; தோட்ட வேலையாகவோ, மலைக்கோயில் படி ஏறுவதாகவோ, பேரக்குழந்தையைத் தூக்குவதாகவோ இருக்கலாம். அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது மாத்திரைச் சீட்டுடன் அந்தக் கேள்வியையும் எழுதிக்கொண்டு வாருங்கள். சில வேளைகளில் எங்கள் பதில் 'இப்போது வேண்டாம்' என்று இருக்கும். அப்படியாயின், எப்போது என்பதையும் கேட்காமல் எழ வேண்டாம்.