எந்தச் சபைக்குப் போறது? முப்பது வீட்டுக் கணக்கு

வேலைக்காக நாகர்கோவில்ல இருந்து சென்னைக்கு வந்த ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, இங்க எந்தச் சர்ச்சுக்குப் போறது? எதைப் பார்த்து முடிவு பண்றது?"

பாட்டு எப்படி, பிரசங்கம் எப்படி, பக்கத்துல இருக்கா... நாம பொதுவா இதைத்தான் பார்க்கிறோம். நானும் அப்படித்தான் ஒரு பெரிய கோயிலைத் தேர்ந்தெடுத்தேன். ரெண்டாவது வருஷம் டைஃபாய்டு வந்து அஞ்சு வாரம் போகல. அது யாருக்கும் தெரியல. யாரையும் குறை சொல்ல முடியாது. தெரிஞ்சுக்கறதுக்கு அந்த அமைப்புல வழியே இல்லை. அன்னைக்குத்தான் புரிஞ்சது: கூட்டம் சேர்க்கிற அமைப்பு வேற, சீடரை உருவாக்குற அமைப்பு வேற.

நம்ம மாவட்டத்திலேயே பாருங்க. 1741 குளச்சல் போர்ல பிடிபட்ட, டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய், பின்னாடி திருவிதாங்கூர் படையிலேயே அதிகாரி ஆனார். அரண்மனைப் பணியில் இருந்த நீலகண்ட பிள்ளை குடும்பத்துல இழப்பு மேல இழப்பு வந்து உடைஞ்சிருந்தப்போ, டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். 1745-ல் வடக்கன்குளத்தில் அவர் திருமுழுக்கு பெற்றார். அவர்தான் 2022-ல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம். அந்தப் பயணம் ஆரம்பிச்சது பிரசங்க மேடையில இல்லை, ரெண்டு பேர் உட்கார்ந்து பேசின பேச்சுல.

அந்த மாதிரிப் பேச்சு எல்லாருக்கும் கிடைக்கணும்னா என்ன பண்றது? கோட்டாறு மறைமாவட்டப் பங்குகள்ல பார்க்கிற அன்பியம் அதுக்கு ஒரு பதில். பெரிய பங்கை ஏறக்குறைய முப்பது முப்பது வீடாகப் பிரிக்கிறாங்க. முறை வச்சு ஒவ்வொரு வீட்டிலும் கூடுறாங்க. இறைவார்த்தையை வாசிச்சு, கொஞ்ச நேரம் அமைதியா இருந்து, மனசைத் தொட்ட வார்த்தையை ஒவ்வொருத்தரும் சொல்றாங்க. அப்புறம் 'இந்த வாரம் நாம என்ன செய்யப் போறோம்?'னு முடிவு பண்றாங்க. தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனம் பரப்பிய ஏழு படி முறை இது.

எங்க அம்மா முப்பது வருஷம் கோயில்ல ஒரு வார்த்தை பேசினது கிடையாது. அன்பியத்துல முதல் தடவை வாசிச்சப்போ கை நடுங்குச்சாம். இன்னைக்கு அவங்கதான் எங்க தெருவுல நோயாளிகளைப் பார்க்கப் போற குழுவுக்குப் பொறுப்பு. யாரும் அவங்களுக்குத் தனியா வகுப்பு எடுக்கல. பேசியே ஆகணும்ங்கிற இடத்துல உட்கார வச்சாங்க, அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். சில இடங்கள்ல அன்பியம்னா ஜெபமாலை சொல்லி, வரி வசூல் பண்ணி, டீ குடிச்சுட்டுக் கலையறதுன்னு ஆயிடுது. பிரிச்சுட்டா மட்டும் போதாது. பேச்சும் பொறுப்பும் மக்கள் கைக்கு வரணும். மோசே தனி ஆளா எல்லா வழக்கையும் விசாரிச்சு ஓய்ந்துபோனப்போ, அவரோட மாமனார் சொன்னதும் இதுதான்: ஆயிரம், நூறு, ஐம்பது, பத்து பேருக்குன்னு தலைவர்களை வச்சு, பொறுப்பைப் பகிர்ந்து கொடு.

அதனால தம்பி, எந்தச் சபைக்குப் போனாலும் மூணு கேள்வி கேளுங்க. நான் மூணு வாரம் வரலைன்னா யாராவது தேடுவாங்களா? என் சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்ல இடம் இருக்கா? ஒரு வருஷத்துல என்னை நம்பி ஒரு வேலையைக் கொடுப்பாங்களா?

மூணுக்கும் 'இல்லை'ன்னா, சபையை மாத்தறதுக்கு முன்னாடி ஒண்ணு செஞ்சு பாருங்க. உங்க ரூமுக்கு நாலு பேரைக் கூப்பிடுங்க. ஒரு பகுதியை வாசிச்சு, சுத்தி உட்கார்ந்து பேசுங்க. நான் அப்படித்தான் ஆரம்பிச்சேன். இப்போ எனக்குக் காய்ச்சல் வந்தா, அன்னைக்குச் சாயங்காலமே யாராவது கஞ்சியோட கதவைத் தட்டுறாங்க.