துகள் தொட்ட முகில்

2023 ஜூன் 25 அன்று, உலகப் பெருநகரங்களின் காற்றுத்தரப் பட்டியலில் மொன்றியல்தான் மிக மோசம். கியூபெக் காடுகள் எரிந்த புகை அது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 9 அன்று, வெப்பமண்டலத்தில் பிறந்த டெபி புயலின் எச்சம் மொன்றியலின் ட்ரூடோ விமான நிலையத்தில் ஒரே நாளில் 150 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. முந்தைய ஆண்டின் புகைக்கும் இந்த வெள்ளத்துக்கும் தொடர்பில்லை. டெபிக்கு ஈரம் கொடுத்தது வெதுவெதுப்பான கடல். ஆனாலும் மாசை ஒரு கணக்கிலும் மழையை இன்னொரு கணக்கிலும் எழுதுவது பிழை என்பேன். நீராவி துளியாகப் பற்றிக்கொள்ள ஒரு துகள் வேண்டும்: கடலுப்பு, புழுதி, புகை, எதுவானாலும் சரி. துகள்கள் பெருகினால் அதே நீர் பலருக்குப் பங்காகி, துளிகள் சிறுத்துப்போகின்றன. ஒரு மழைத்துளிக்குச் சுமார் பத்து லட்சம் முகில்துளிகள் சேர வேண்டும்; மிகச் சிறியவை எளிதில் மோதி இணைவதில்லை. அதனால் தாழ்ந்த முகில் பெய்யாமலே கலைந்துவிடும். உயர்ந்த இடிமுகிலிலோ, கீழே பெய்யாத நீர் மேலேறி உறைகிறது. பனித்துகள்கள் மோதி மின்னேற்றம் பிறக்கிறது. உறையும்போது வெளிப்படும் வெப்பம் முகிலை இன்னும் உயர்த்தும் என்கிறார்கள் சிலர். அது எவ்வளவு என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

துளியின் அளவு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை உலகுக்குக் கணக்கிட்டுக் காட்டியது மொன்றியல் நகரம்தான். மக்கில் பல்கலைக்கழகத்தின் ஸ்டூவர்ட் மார்ஷலும் வால்டர் பாமரும், சாயமிட்ட வடிதாளில் விழுந்த துளிகளை அளந்து 1948-இல் ஒரு சமன்பாடு தந்தார்கள். ராடாரில் மழையை மதிப்பிடுவோர் இன்றும் அதை எடுத்தாளுகிறார்கள். துளியின் விட்டம் இரட்டித்தால் ராடார் எதிரொலி 64 மடங்காகும். துளியை மாற்றும் புகையை அற்பம் என்று எப்படி ஒதுக்குவது?

வெப்பமும் ஈரமும் காற்றோட்டமுமே புயலை ஆள்கின்றன என்று சிலர் மறுப்பார்கள். புகை சூழ்ந்த நாளில் வானிலையே வேறாக இருக்கும்போது எது எதைச் செய்தது என்று பிரிக்க முடியாது என்றும் சொல்வார்கள். முதற்பாதி உண்மை. இரண்டாவதற்குக் கடலே விடை வைத்திருக்கிறது. இலங்கையின் தென்கரையை ஒட்டி மலாக்கா நோக்கிச் செல்லும் கப்பல் பாதையின் இருபுறமும் ஒரே கடல், ஒரே காற்று. ஆனால் கப்பல் புகை படியும் அந்தக் கோட்டின்மேல் மின்னல் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று ஜோயல் தோர்ன்டன் குழு 2017-இல் காட்டியது. பின்னர், 2020 ஜனவரி 1 முதல், கப்பல் எண்ணெயில் அனுமதிக்கப்பட்ட கந்தகம் 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5 விழுக்காடாக இறக்கப்பட்டது. சிங்கப்பூரை அடுத்த கப்பல் பாதையில் மின்னல் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.