ஒற்றும் உரிமையும்

திருக்குறளின் பொருட்பாலில் ஒற்றாடல் என்பது ஓர் அதிகாரம். நாடாளும் வேந்தனுக்கு ஒற்றர் இன்றியமையாதவர் எனக் கொண்ட வள்ளுவர், ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப் பார்த்த பின்னரே ஏற்றல் வேண்டும் எனவும், ஒற்றர் ஒருவரையொருவர் அறியாவண்ணம் ஆளப்படல் வேண்டும் எனவும் அங்கு கூறினார். ஒற்றனை ஐயுறுதற்கு அவர் வழி வகுத்தார். ஒற்றனை ஏவும் அரசனை ஐயுறுதற்கு வழி யாது? முடியாட்சிக் காலத்தில் அரசனது செங்கோன்மையே அதற்குக் காப்பாகக் கருதப்பட்டது. குடியாட்சியில் அக்காப்புப் போதாது. சட்டமே விடை கூறல் வேண்டும். அவ்விடையைத் தேடி ஒரு நாடு இருநூற்றைம்பது ஆண்டுகட்கு மேலாக நடந்த வழியை இங்கிலாந்தின் சட்ட வரலாறு தெளிவுறக் காட்டுகின்றது.

ஒற்றறிதல் முற்றிலும் தகாதது என்று கூறுதல் எளிது. நாடாளுதல் அத்துணை எளிதன்று. சதி செய்வோர் முரசறைந்து செய்வதில்லை. அவர்தம் மறைவை ஊடுருவும் ஆற்றல் அரசுக்கு இல்லையாயின், உயிரும் உடைமையும் இழப்போர் குடிமக்களே. அங்ஙனமே, எவர் கடிதத்தையும் எவர் பேச்சையும் விரும்பியவாறு அறியும் ஆற்றல் அரசுக்கு உண்டாயின், ஆட்சியின் குறைகளை எழுதும் பத்திரிகையாளரும், கட்சிக்காரருக்கு ஆலோசனை கூறும் நியாயவாதியும், எதிர்க்கட்சியினரும் வாய்திறக்க அஞ்சுவர். ஆகவே, அவ்வதிகாரத்தை எவர், எந்த அளவிற்கு, எவர் கண்முன் செலுத்துவது என்பதே சட்டம் இயற்றுவோர் முன்னுள்ள வினாவாகும்.

1762 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 11 ஆந் திகதி, ஜோன் என்டிக் என்னும் எழுத்தாளரின் வீட்டினுள் அரசனின் ஏவலர் நால்வர் புகுந்தனர். 'மொனிற்றர்' என்னும் அரசெதிர்ப்புப் பத்திரிகையில் எழுதினார் என்பது அவர்மீது சாட்டப்பட்ட குற்றம். ஹலிபக்ஸ் பிரபு என்னும் மந்திரியின் ஆணைப்பத்திரம் ஏவலர் கையில் இருந்தது. அவர்கள் நான்கு மணிநேரம் பூட்டுக்களையும் பெட்டிகளையும் உடைத்து ஏடுகளை வாரிச் சென்றனர். என்டிக் அவர்கள்மீது வழக்குத் தொடுத்தார். 1765 இல் தீர்ப்பளித்த பிரதம நீதியரசர் கம்டன் பிரபு, இத்தகைய ஆணையை வழங்க மந்திரிக்கு அதிகாரமளிக்கும் சட்டம் யாதென வினவினார். அத்தகைய சட்டம் உளதாயின் அது சட்டநூல்களிற் காணப்படல் வேண்டும். காணப்படாதாயின் அது சட்டமன்று என்பது அவர் முடிபு. அரசின் தேவை என்னும் வாதத்தையும் அவர் ஏற்றாரல்லர். யூரிமார் மதிப்பிட்ட நட்டஈடு 300 பவுண்.

இத்தீர்ப்பின் பெருமை பலரும் அறிந்தது. அதன் பின்னுள்ள ஓர் உண்மை அத்துணை கவனிக்கப்படுவதில்லை. என்டிக்கின் வீட்டிற் பூட்டு உடைந்து கிடந்தது. தமக்குத் தீங்கு நேர்ந்தமையும், செய்தார் இன்னார் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தன. ஆதலின் அவரால் மன்றேற முடிந்தது. தீங்குற்றவன் தன் தீங்கை அறியாதிருப்பின், நீதிமன்றின் வாயில் திறந்திருந்தும் அவனுக்குப் பயனில்லை.

கடிதம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. தபாலிற் செல்லும் கடிதத்தை மந்திரியின் எழுத்தாணை இன்றிப் பிரித்தலாகாது என 1711 ஆம் ஆண்டின் தபாற் சட்டம் விலக்கியது. ஆணையுடன் பிரிக்கலாம் என்பது அதன் மறுபக்கம். பிரித்த கடிதத்தைப் பழையபடி ஒட்டி அனுப்புதற்கென இலண்டன் தபாற்கந்தோரில் ஓர் இரகசியப் பகுதியே இயங்கிற்று. இத்தாலியின் விடுதலைக்கு உழைத்தவரும், பாரதியார் பாட்டினாலே தமிழருக்கு அறிமுகமானவருமாகிய மாஜினி, அக்காலத்தில் இலண்டனில் அகதியாக வாழ்ந்தார். தம் கடிதங்கள் பிரிக்கப்படுகின்றன என ஐயுற்ற அவர், உறைகளினுள் கசகசா விதையும் மணலும் மயிரிழையும் இடுவித்துச் சோதித்து, தம் ஐயம் மெய்யெனக் கண்டார். 1844 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தோமஸ் டன்கொம் என்னும் உறுப்பினர் இச்செய்தியைப் பாராளுமன்றிற்குக் கொணர்ந்தார். உள்நாட்டு மந்திரி சேர் ஜேம்ஸ் கிரகம் பெருங் கண்டனத்திற்கு ஆளானார். இரு சபைகளும் விசாரணைக் குழுக்களை நியமித்தன. இரகசியப் பகுதி அவ்வாண்டே மூடப்பட்டது. மந்திரியின் ஆணையதிகாரமோ அழியவில்லை. என்டிக்கிற்கு உடைந்த பூட்டுச் சான்றாயிற்று. மாஜினிக்குச் சான்றாக ஒரு சில விதைகளேனும் இருந்தன.

தொலைபேசி வந்தபோது விதை இடுதற்கு உறையும் இல்லாது போயிற்று. 1937 வரை, பொலிசார் கேட்டுக்கொண்டால் மந்திரியின் ஆணையும் இன்றியே தபாற் பகுதி பேச்சுக்களை ஒற்றுக்கேட்டது. அவ்வாண்டு முதல் ஆணை பெறுதல் வழக்கமாக்கப்பட்டது. 1957 இல் சேர் நோர்மன் பேர்க்கெற் தலைமையில் ஆராய்ந்த குழு, இவ்வதிகாரத்தின் மூலம் தெளிவற்றது என்று கண்டும், அது தொடரலாம் என்றே கூறிற்று. பின்னர், பழம்பொருள் வணிகர் ஒருவர்மீது நடந்த வழக்கில் அவரது பேச்சு ஒற்றுக்கேட்கப்பட்டமை வெளிப்பட்டது. அவர் தொடுத்த வழக்கை 1979 இல் விசாரித்த நீதியரசர் சேர் றொபேட் மெகரி, ஒருவர் வீட்டினுள் அத்துமீறிப் புகாமல், தபாற் பகுதி தன் கம்பியிலேயே கேட்டலை விலக்கும் சட்டம் எதுவுமில்லை. ஆதலின் அது சட்டவிரோதமன்று எனத் தீர்ப்பளித்தார். இத்துறைக்குச் சட்டம் இன்றியமையாதது என்பதையும் அவரே வலியுறுத்தினார். 1765 இற் சட்டத்தின் மௌனம் அரசின் கையைக் கட்டிற்று; 1979 இல் அதே மௌனம் அக்கையை அவிழ்த்துவிட்டது. பூட்டு உடையவில்லை என்பதே இரண்டிற்கும் இடைப்பட்ட வேறுபாடு.

அவ்வணிகர் ஸ்ட்ராஸ்பூர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனிதவுரிமை நீதிமன்றை நாடினார். ஐரோப்பிய மனிதவுரிமை உடன்படிக்கையின் 8 ஆம் உறுப்பு, ஒருவரது தனிவாழ்வையும் இல்லத்தையும் கடிதத் தொடர்பையும் காக்கின்றது. நாட்டின் பாதுகாப்பு, குற்றத் தடுப்பு முதலியவற்றின் பொருட்டு அரசு தலையிடலாம். ஆயின், அத்தலையீடு சட்டத்தின்படி அமைதல் வேண்டும். சனநாயக சமுதாயத்திற்கு இன்றியமையாததாகவும் இருத்தல் வேண்டும். இங்கிலாந்துச் சட்டம் ஒற்றுக்கேட்கும் அதிகாரத்தின் எல்லையைக் குடிமகன் அறியுமாறு தெளிவாகக் கூறவில்லை. ஆதலின் உரிமை மீறப்பட்டது என அம்மன்று 1984 இல் முடிபு செய்தது. கம்டன் பிரபுவின் வினா இருநூறு ஆண்டுகளின் பின் கடல் கடந்து திரும்பி வந்தது. 1985 இல் இயற்றப்பட்ட சட்டம் ஆணையின்றி ஒற்றுக்கேட்டலைக் குற்றமாக்கிற்று. ஆணை வழங்கத்தக்க காரணங்களை வரையறுத்தது. முறைப்பாடுகளை விசாரிக்க ஒரு நியாயசபையையும், மேற்பார்வைக்கு ஓர் ஆணையாளரையும் நிறுவிற்று. ஆயினும் ஆணை வழங்கும் கை மந்திரியின் கையாகவே இருந்தது.

2000 ஆம் ஆண்டின் சட்டமும் அந்நிலையை மாற்றவில்லை. 2013 இல் எட்வேர்ட் ஸ்னோடன் வெளிப்படுத்திய ஏடுகள், கண்ணாடியிழை வடங்களின் வழியே செல்லும் செய்திகள் பேரளவில் அள்ளப்படுகின்றமையை உலகறியச் செய்தன. ஐயத்திற்குரிய ஒருவரது கடிதத்தைப் பிரித்தல் வேறு. அனைவர் செய்தியையும் அள்ளிய பின் அதனுள் ஐயத்திற்குரியாரைத் தேடுதல் வேறு. எவர் எவருடன் எப்பொழுது தொடர்புகொண்டார் என்னும் குறிப்புக்களைச் சேமித்தற்கான சட்டமொன்று 2014 ஜூலையில் நான்கே நாளில் பாராளுமன்றில் நிறைவேறிற்று. பாராளுமன்ற உறுப்பினர் இருவரே அதனை எதிர்த்து வழக்காடினர். குறிப்புக்களை வேறுபாடின்றிப் பொதுவாகச் சேமித்தல் ஐரோப்பியச் சட்டத்திற்கு முரணானது என ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்று 2016 டிசம்பரில் தீர்த்தது. அவசரத்தில் இயற்றிய சட்டம் மன்றில் நிலைபெறவில்லை.

அதற்கு மாறாக, 2016 ஆம் ஆண்டின் புலனாய்வு அதிகாரச் சட்டம் முதலில் வரைவாக வெளியிடப்பட்டது. பாராளுமன்றக் குழுக்கள் மூன்று அதனை ஆராய்ந்தன. அதன் தலையாய பகுதி இரட்டைப் பூட்டு எனப்படும் ஏற்பாடு. மந்திரி ஆணை வழங்கியதும் அது நடைமுறைக்கு வருவதில்லை; உயர்ந்த நீதிப் பதவி வகித்த நீதி ஆணையாளர் ஒருவர் அதன் தேவையையும் அளவையும் ஆராய்ந்து உடன்படல் வேண்டும். அவசர வேளையில் மந்திரியின் ஆணை உடனே செல்லும். ஆயினும் மூன்றாவது வேலைநாள் முடியுமுன் ஆணையாளர் அதனைத் தீர்மானிப்பார். அவர் மறுத்தால் ஆணை அற்றுப்போம். பாராளுமன்ற உறுப்பினரின் செய்தியை அறியப் பிரதம மந்திரியின் இசைவும் வேண்டும்.

மந்திரி பாராளுமன்றிற்குப் பொறுப்புடையவர். அவ்வாறிருக்க நீதிபதி எதற்கு என்பார் உளர். இரகசியமாக நடந்ததைப் பற்றி மந்திரியை வினவ உறுப்பினர்க்கு வழியில்லை என்பதே அதற்கு விடை. இனி, மறைவில் ஒரு பக்க வாதத்தை மட்டும் கேட்கும் நீதிபதி வெறும் முத்திரையாகிவிடுவார் என்பாரும் உளர். அவ்வச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. அனைவரது தொடர்புக் குறிப்புக்களையும் 12 மாதம் வரை சேமிக்குமாறு நிறுவனங்களைப் பணிக்கும் அதிகாரம் அச்சட்டத்திலும் இடம்பெற்றது. 2021 மே மாதத்தில் ஸ்ட்ராஸ்பூர்க் மன்று 2000 ஆம் ஆண்டுச் சட்டத்தின் முறையை ஆராய்ந்து, பேரளவில் ஒற்றறிதல் தன்னளவிற் குற்றமன்று. தொடக்கத்திலே சுதந்திரமான ஒருவரின் அனுமதியும், இறுதிவரை காப்பும் இல்லாமையே குற்றம் எனத் தீர்த்தது. 2016 ஆம் ஆண்டின் சட்டமும் 2024 இல் திருத்தப்பட்டது. தராசு ஒருமுறை நிறுத்தபின் அசையாது நிற்பதன்று.

இவ்வரலாற்றினின்று பெறப்படுவது யாதெனின், ஒற்றறியும் கருவி நுண்ணிதாக நுண்ணிதாகக் குடிமகன் தன் கண்ணாற் காணும் சான்று குறைகின்றது என்பதே. பூட்டு உடைந்த காலத்தில், தீங்கு நேர்ந்தபின் வழக்காடுதல் போதியதாயிருந்தது. சான்றே எஞ்சாத இக்காலத்தில், காப்புத் தீங்கிற்கு முன்னரே அமைதல் வேண்டும். அதிகாரம் எழுதப்பட்ட சட்டத்திற் பிறத்தல், ஏவுவோர் ஒருவரும் இசைவோர் வேறொருவருமாதல், நடந்ததைப் பின்னர் ஆராய்வோர் உளராதல், சட்டம் ஆறியமர்ந்து இயற்றப்படுதல் ஆகிய நான்கும் அதன் உறுப்புக்கள். இவற்றுள் ஒன்று குறையினும், தனக்கு நேர்ந்த தீங்கைக் குடிமகன் என்றும் அறியான். அறியாதவன் மன்றேறி முறையிடுதலும் இல்லை.