தூக்கம் வருதான்னு யார் கேட்பது?

எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரை டப்பாவை வாங்கியதும் அதன் லேபிளைக் கிழித்துப் போடுகிறவர்கள் உண்டு. பையில் வைத்து நடந்தால் கலகலவென்று சத்தம் வரும் என்று டப்பாவுக்குள் பஞ்சு அடைப்பவர்கள் உண்டு. தெரிந்த முகம் எதுவும் தட்டுப்படக் கூடாது என்று, உள்ளூர் மையத்தை விட்டுவிட்டுப் பக்கத்து மாவட்டத்துக்கு பஸ் ஏறுகிறவர்களும் உண்டு. ஒரு வேளை மருந்தைக்கூடத் தவறவிடாதவர், ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டவர்கூட இதையெல்லாம் செய்கிறார். உடம்பு தேறிவிட்டது. நிம்மதிதான் இல்லை.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில்தான். 1986-இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டறிந்தார்கள். 2004 ஏப்ரல் 1 முதல் அரசு கூட்டு மருந்தை இலவசமாகத் தரத் தொடங்கியது. தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. 2017 முதல், நோய் எதிர்ப்பு சக்தியைக் காட்டும் சி.டி.4 எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும், தொற்று உறுதியான எல்லோருக்கும் சிகிச்சை என்றானது. காலத்தோடு ஆரம்பித்து விடாமல் சாப்பிடுகிறவர் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே வாழ்ந்து முதுமை காணலாம். சாவு பயம் விலகிய இடத்தில் வேறு பயங்கள் வந்து உட்கார்ந்துகொண்டன.

யாருக்காவது தெரிந்துவிடுமோ என்பது அவற்றில் பெரியது. மகளுக்கு வரன் பேசும்போது, வாடகைக்கு வீடு பார்க்கும்போது அது நெஞ்சை அடைக்கும். வேலையிலோ வீட்டு வாடகையிலோ பாகுபாடு காட்டக் கூடாது என்று 2017-இல் சட்டம் வந்து, 2018 செப்டம்பரில் அமலுக்கும் வந்துவிட்டது. ஆனால் வழக்குப் போடுவதென்றாலே வெளியே தெரிந்துவிடும் என்று பயப்படுகிறவருக்கு அந்தச் சட்டம் எட்டாத தூரத்தில் இருக்கிறது.

அடுத்தது, உடம்பைப் பற்றிய பயம். பதற்றம் கூடினால் யாருக்குமே நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், வயிறு கலங்கும், பசி எடுக்காது. தொற்றுள்ளவருக்கு அதெல்லாம் நோய் முற்றுவதாகவே தோன்றும். ரெண்டு நாள் சளிக் காய்ச்சல் வந்தால் "மருந்து கேக்கலையோ?" எடை ஒரு கிலோ குறைந்தால் அன்றைக்கு ராத்திரி முழுக்க விழிப்பு. ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் வைரல் லோடு பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் நாட்களில் சாப்பாடு இறங்காது.

மருந்துக்கும் இதில் பங்கு இருக்கிறது. பல வருடங்கள் இங்கே பரவலாகத் தரப்பட்ட எஃபாவிரென்ஸ் பலருக்குத் தலைசுற்றலையும் திகில் கனவுகளையும் பதற்றத்தையும் கொடுத்தது. இப்போதுள்ள டோலுடெகிராவிர் எவ்வளவோ மேல். ஆனாலும் சிலருக்குத் தூக்கம் கெடுகிறது. ராத்திரி போடுவதைக் காலைக்கு மாற்றினாலே சரியாகிவிடலாம். டாக்டரிடம் சொன்னால்தானே? மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று ஒரு தயக்கம். "சும்மா குடுக்குற மருந்துல போய்க் குறை சொல்றதா" என்று ஒரு கூச்சம்.

மையத்துக்கு வருகிறவரிடம் கவுன்சிலர், "மாத்திரைய விடாமப் போடுறீங்களா?" என்று கேட்கிறார். மிச்ச மாத்திரைகளை எண்ணிப் பார்க்கிறார். அவசியமான வேலை. "ராத்திரி தூக்கம் வருதாம்மா? மனசு எப்படி இருக்கு?" என்று கேட்பதும் அதே அளவுக்கு வைத்தியம்தான் என்பேன். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போகும்போது யாராவது பார்த்துவிடுவார்கள் என்று டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறவர், இந்தப் பதற்றத்தில் இருப்பவர்தான். அப்படி அடிக்கடி விட்டால் வைரஸ் மறுபடி பெருகும், மருந்துக்கு அடங்காமலும் போகலாம்.

இப்படி மனசைக் கேட்பதற்கு ஜிம்பாப்வேயில் ஒரு வழி கண்டார்கள். அந்த நாட்டில் மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருந்தார்கள். அவர்களில் ஒருவரான டிக்சன் சிபாண்டா, 2006-இல் ஹராரேயின் ம்பாரே பகுதியில் 14 பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு பெஞ்ச். பாட்டி உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்பார். வந்தவரின் கஷ்டங்களில் ஒன்றை மட்டும் எடுத்து, அதற்கு என்ன செய்யலாம் என்று அவரையே யோசிக்க வைப்பார். 2016-இல் வெளியான ஆய்வில், பாட்டிகளிடம் பேசியவர்களுக்கு ஆறு மாதத்தில் மனச்சோர்வும் பதற்றமும் நன்றாகவே குறைந்திருந்தன. ஆய்வில் பங்கேற்றவர்களில் பத்தில் நான்கு பேர் எச்.ஐ.வி. உள்ளவர்கள்.

நம்மிடம் ஆளுக்குப் பஞ்சமில்லை. தொற்றோடு வாழும் பெண்களே சேர்ந்து 1998-இல் சென்னையில் பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்கைத் தொடங்கினார்கள். இந்த வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்தவர்களுக்குப் பயிற்சியும் சம்பளமும் கொடுத்து ஒவ்வொரு மையத்திலும் உட்காரவைக்கலாம். அவர்கள் பேசித் தேற்ற முடியாத நிலையில் இருப்பவரை மாவட்ட மருத்துவமனை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போகலாம். கூட்டு மருந்தோடு சேர்த்துக் கொடுக்கக்கூடிய பதற்ற மருந்துகள் இருக்கின்றன.

இன்னொன்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, வைரல் லோடு தொடர்ந்து 200-க்குக் கீழே இருப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் தொற்று பரவாது. இப்படி வைரஸ் அடங்கிய ஒருவரும் தொற்றில்லாத துணையுமாக, ஆணுறை இல்லாமல் உறவுகொண்ட ஐரோப்பிய ஜோடிகளைத் தொடர்ந்து கவனித்த பார்ட்னர் ஆய்வுகள் 2016-லும் 2019-லும் வெளிவந்தன. துணையிடமிருந்து தொற்றியவர் ஒருவர்கூட இல்லை. இது தெரியாமல், ஒரே வீட்டில் வருடக்கணக்கில் தனித்தனியே படுக்கிற தம்பதிகள் இருக்கிறார்கள். ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்கும்போது, இருவரும் வந்திருந்தால், கவுன்சிலர் இருவரையும் உட்காரவைத்து இதைச் சொல்லட்டும். நேரில் கேட்கக் கூசுகிறவர்கள் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 1097 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.