துப்பாக்கியில் உள்ள பெயரை நம்பி ஸ்பிரிங் வாங்கலாமா?

"எந்தக் கம்பனியின் சாமான்?"

உதிரிப்பாகக் கடைக்கு வரும் வாடிக்கையாளரிடம் நாம் முதலில் கேட்பது இதைத்தான். அவர் சொல்லும் பதிலோ பல வேளைகளில் பிழையானது. பொருளின் மீது பொறித்துள்ள பெயரைச் சொல்வார். அது விற்றவரின் பெயர், செய்தவரின் பெயரல்ல. இந்தச் சிக்கல் நன்றாக வெளிப்படும் ஒரு வியாபாரத்தை இவ்வாரம் பார்ப்போம். இது அமெரிக்காவில் நடப்பது. நம் நாட்டில் துப்பாக்கி அனுமதிப்பத்திரத்துக்குக் கட்டுப்பட்டது. எனவே இதனை இறக்குமதி யோசனையாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் கோல்ட், ரெமிங்டன் ஆகிய ரிவோல்வர்கள் பெருமளவில் பயன்பட்டன. இன்றைய தோட்டா அவற்றுக்கில்லை. ஒவ்வோர் அறையிலும் முன்புறமாகக் கருமருந்தையும் ஈயக் குண்டையும் இட்டு, பின்புறத்தில் சிறு செப்புத் தொப்பி ஒன்றைப் பொருத்த வேண்டும். போரின் நூற்றாண்டு நெருங்கியபோது, 1950களின் இறுதியில், அமெரிக்க இறக்குமதியாளர்கள் இவற்றின் மறுபதிப்புகளை இத்தாலியில் செய்விக்கத் தொடங்கினர். பிரெசியா மாகாணம் பல நூற்றாண்டுகளாகத் துப்பாக்கித் தொழிலுக்குப் பெயர்பெற்றது. உபெர்ட்டி 1959 இல் ஆரம்பமானது. பியெட்டா அதன் பின் வந்தது. 1968 ஆம் ஆண்டின் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் இத்தகைய மறுபதிப்புகளைச் சாதாரண துப்பாக்கிகளின் கணக்கில் சேர்க்கவில்லை. ஆகவே பல மாநிலங்களில் இவற்றைத் தபாலிலேயே வாங்க முடிந்தது. சந்தை பெருகியது. கூடவே உடைந்த ஸ்பிரிங்குகளும் பெருகின.

கோல்ட் வகை ரிவோல்வரில் அடிக்கடி பேசப்படும் ஸ்பிரிங்குகள் மூன்று. சுத்தியலை இயக்கும் பெரிய தட்டை ஸ்பிரிங் கைப்பிடிக்குள் இருக்கும். விசையையும் உருளையை நிறுத்தும் பூட்டையும் ஒருசேரத் தாங்குவது இரண்டு கால் கொண்ட சிறு தட்டை ஸ்பிரிங். உருளையைச் சுழற்றும் 'கை'யில் மெல்லிய தகடு ஒன்று செருகப்பட்டிருக்கும். பெரியது அபூர்வமாகவே உடையும். தொல்லை தருவன பின்னைய இரண்டும்தான். வளைவில் அராவிய கீறல் எஞ்சியிருந்தாலோ, உருக்கைப் பதப்படுத்துவதில் பிழை நேர்ந்தாலோ, சில நூறு தடவை மடங்கிய பின் அந்த இடத்திலேயே முறியும். சில டொலர் பெறுமதியான தகடு முறிந்தால், சில நூறு டொலர் கொடுத்து வாங்கிய ரிவோல்வர் அலுமாரியில் கிடக்கும்.

இனித் தேடல். குழலில் நேவி ஆர்ம்ஸ், சிமரன், டெய்லர்ஸ், டிரெடிஷன்ஸ் என்று பொறித்திருக்கலாம். இவை இறக்குமதியாளர்களின் பெயர்கள். ஒரே இறக்குமதியாளர் இரண்டு மூன்று தொழிற்சாலைகளில் வாங்கியதுமுண்டு. செய்தவரின் அடையாளமோ பெரும்பாலும் குழலின் கீழே, குண்டை அழுத்தும் நெம்புகோலுக்குப் பின்னால் மறைந்திருக்கும். சாய்சதுரத்துக்குள் எஃப்.ஏ.பி. என்ற எழுத்துகள் இருந்தால் அது பியெட்டா. சிறு பெட்டிக்குள் இருக்கும் இரண்டெழுத்துக் குறி இத்தாலிய அரச சோதனை நடந்த ஆண்டைக் காட்டும். 1975 ஆம் ஆண்டுக்கு 'ஏஏ', அதன்பின் வரிசையாகச் செல்லும். மொடலின் பெயரை மட்டும் சொல்லி '1851 நேவி ஸ்பிரிங்' கேட்டால் கடைக்காரர் ஏதோவொன்றை அனுப்புவார். திருகாணித் துளை சற்று விலகியிருக்கும். திருப்பியனுப்பும் தபால் செலவு ஸ்பிரிங்கின் விலையைத் தாண்டிவிடும்!

விபரம் அறிந்த விற்பனையாளர் உற்பத்தியாளர், மொடல், ஆண்டு ஆகிய மூன்றையும் கேட்பார். பழைய துண்டை அளவுகோலின் அருகே வைத்துப் படமெடுத்து அனுப்பச் சொல்வார். டென்னசியில் 1954 இல் தொடங்கிய டிக்ஸி கன் வேர்க்ஸ் தன் தடித்த விலைப்பட்டியலால் இத்துறையில் பெயர் பெற்றது.

தட்டை ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் கம்பியை வளைத்துச் செய்த ஸ்பிரிங்கும் விற்பனைக்குண்டு. இது இலகுவில் முறியாது. ரூகர் கம்பனி 1972 முதல் 2008 வரை தயாரித்த ஓல்ட் ஆர்மி ரிவோல்வரில் சுருள் ஸ்பிரிங்குகளையே வைத்தது. என்றாலும் 'மென்மையான விசை' என்ற விளம்பரத்தைக் கேட்டு வலுக்குறைந்த பெரிய ஸ்பிரிங்கை வாங்குவோர் கவனிக்க வேண்டும். சுத்தியல் தொப்பியை வெடிக்கச் செய்தால் மட்டும் போதாது. வெடித்த கணத்தில் பின்னோக்கித் தள்ளும் வாயுவுக்கு எதிராக அதை அழுத்திப் பிடிக்கவும் வேண்டும். பிடிக்காவிட்டால் உடைந்த செப்புத் துண்டுகள் பொறிக்குள் விழுந்து இறுகிவிடும். மறுபுறம், பூட்டு ஸ்பிரிங் அளவுக்கு மீறி விறைப்பாக இருந்தால் உருளையில் கோடு விழும். ஸ்பிரிங்கோடு உருளையையும் மாற்ற நேரும். இதை முன்கூட்டியே சொல்லும் கடைக்காரருக்கு அன்று ஒரு விற்பனை தவறலாம்; முறைப்பாடும் வராது.

மிகவும் கடினமான நிலை ஆர்மி சான் மார்கோ போன்ற, இன்று இயங்காத உற்பத்தியாளர்களின் ரிவோல்வர்களுக்குத்தான். புதிய பாகம் வர வழியில்லை. கையிருப்பு தீர்ந்தால் தீர்ந்ததுதான். உபெர்ட்டி ஸ்பிரிங்கைச் சற்றுப் பெரிதாக வாங்கி, நீளவாக்கில் மட்டும் மெதுவாக அராவிப் பொருத்துவார்கள். குறுக்கே அராவினால் அந்தக் கீறலிலேயே மறுபடி முறியும். ஆகவே அனுபவசாலிகள் துப்பாக்கி வாங்கும் நாளிலேயே, உற்பத்தியாளர் இயங்கிக்கொண்டிருக்கும்போதே, சிறு ஸ்பிரிங்குகளில் இரண்டிரண்டு வாங்கி எண்ணெய்த் தாளில் சுற்றி வைத்துவிடுகிறார்கள்.