தொட்டியின் அடியில் தங்கும் ஜலம்

ஆரணியாறும் காளங்கியாறும் கொண்டுவந்து சேர்க்கும் நன்னீரும் வங்கக் கடலின் உவர்நீரும் கலந்து நிற்கும் பழவேற்காட்டு ஏரியின் முகத்துவாரம் மணல் மூடித் தூர்ந்துபோகிற நாட்களில், கடலுக்குப் போக வழியின்றிப் படகுகள் கரையில் கிடக்கும்போது, அவற்றின் டீசல் தொட்டிக்குள் ஒருவர் கண்ணுக்கும் படாமல் ஒரு காரியம் நடந்துகொண்டிருக்கிறது. பாதி காலியான தொட்டியில் புகுந்த ஈரக்காற்று இரவின் குளிர்ச்சியில் வியர்த்து, சொட்டுச் சொட்டாக அடியில் சேர்கிறது. அந்த ஜலமும் அதன்மேல் மிதக்கும் டீசலும் சந்திக்கிற இடத்தில் கிருமிகள் பெருகி, வழவழப்பான கசடாகத் திரண்டு பில்டரை அடைக்கின்றன. பிறகு ஒருநாள் விடியுமுன் படகைத் தள்ளிக்கொண்டு போனவருக்கு எஞ்சின் நடுவழியில் திக்கித் திணறி நின்றுவிடுகிறது.

இத்தகைய சங்கடங்களுக்கெல்லாம் பரிகாரம் என்று அடிட்டிவ் எனப்படும் சேர்மானங்கள் புட்டிகளில் விற்பனையாகின்றன. இவை பொய்ச்சரக்கு என்று ஒதுக்குவது நியாயமாகாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி வேலை உண்டு; அதை அறிய எஞ்சின் ஓடும் விதத்தை முதலில் அறியவேண்டும்.

ருடால்ஃப் டீசல் 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தி அழுத்தி அதில் பிறக்கும் உஷ்ணத்தாலேயே, நாசில் வழியே தூவப்படும் எண்ணெய் பற்றிக்கொள்கிறது. தூவலுக்கும் பற்றலுக்கும் இடையிலுள்ள கணநேரத் தாமதம் எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது. அந்த குணத்தை அளப்பதே சீட்டேன் எண். ஆயிரம் லிட்டருக்கு அரை லிட்டரோ ஒரு லிட்டரோ எத்தில்ஹெக்ஸைல் நைட்ரேட் கலந்தால் இந்த எண் சில புள்ளிகள் உயர்ந்து, எஞ்சின் எளிதில் உயிர்பெறும். தட்டுகிற ஓசையும் காலைநேர வெண்புகையும் குறையும். ஆயினும் இன்றைய பாரத் ஸ்டேஜ் 6 டீசலில் சீட்டேன் எண் 51-க்குக் குறையலாகாது என்பதே விதியாதலால், நல்ல டீசல் வாங்குகிறவருக்கு இதனால் அதிகப் பிரயோஜனமில்லை.

2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்கப்படும் இந்த டீசலில் கந்தகம் பத்து லட்சம் பங்கில் அதிகபட்சம் 10 பங்குதான். கந்தகத்தை நீக்கும் முறையில் எண்ணெயின் இயற்கையான மசகுத் தன்மையும் போய்விடுவதால், அதை ஈடுசெய்யும் சேர்மானத்தைச் சுத்திகரிப்பு ஆலைகளே கலந்து அனுப்புகின்றன. மலிவாகக் கிடைக்கிறதென்று மண்ணெண்ணெயைக் கலப்பவர், அந்த மசகைக் குறைத்து, டீசலை நாசிலுக்குத் தள்ளும் பம்பைத் தாமே தேய்த்துக்கொள்கிறார்.

நாசிலில் படிந்த கரியை மெல்லக் கரைக்கும் சேர்மானமே பழைய எஞ்சின்களுக்கு மெய்யான உதவி செய்வது என்பது என் அபிப்பிராயம். தூவல் சீரானால் கரும்புகை குறையும். டீசல் புகை புற்றுநோய் விளைவிப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 2012-ல் வகைப்படுத்தியிருக்க, நாள்தோறும் அதன் அருகிலேயே அமர்ந்து வலை இழுப்பவரின் நெஞ்சை நினைத்தால் அது அற்ப லாபமன்று. ஆனால் தேய்ந்த நாசிலையும் அடைத்த காற்று பில்டரையும் எந்தப் புட்டியும் சரிசெய்யாது.

ஜலத்துக்குச் செய்யவேண்டியதோ எளிது: தொட்டியை நிரப்பி வைப்பது, அடித்திருகைத் திறந்து நீரை வடிப்பது. கிருமிநாசினி சேர்மானம் போட்டிருந்தால் அந்த வடிநீர் கொடிய விஷம். அதை ஏரியில் சாய்க்காமல் கேனில் பிடித்துக் கரைக்குக் கொண்டுவர வேண்டும், ஏனெனில் இடுப்பளவுகூட ஆழமில்லாத அந்த நீரில்தான் பாடு எனும் முறைவைப்பு வழக்கப்படி வலை போடும் குப்பத்தாரின் இறால் குஞ்சுகள் வளர்கின்றன.