எதிர்வீட்டு நாயும் அண்டைவீட்டார் உரிமையும்

சுபுஹுத் தொழுகை முடிந்து, கிழக்கு வெளுக்கும் வேளையில், மனைவி மக்களுடன் காலாற நடந்து வருவது இறைவன் நமக்கு வழங்கியுள்ள எளிய இன்பங்களுள் ஒன்று. அதற்குச் செலவில்லை, ஆயத்தமும் தேவையில்லை. எங்கள் வீட்டில் அது இன்பமாக மட்டுமின்றி மருந்தாகவும் ஆகிவிட்டிருந்தது. என் துணைவிக்கு நீரிழிவு நோய் இருப்பது தெரியவந்தபோது மாத்திரை எழுதிக் கொடுத்த மருத்துவர், "பாதி வேலையைத்தான் மாத்திரை செய்யும். மீதியை உங்கள் கால்கள்தாம் செய்யவேண்டும்" என்று சொல்லியனுப்பினார். அன்று முதல் நாங்கள் இருவரும், பத்து வயது மகளும் ஆறு வயது மகனுமாக, வாய்க்கால் கரைவரை சென்று திரும்புவதை வழக்கமாக்கிக் கொண்டோம். பிள்ளைகள் ஓதப் போகும் நேரத்திற்குள் வீடு வந்துவிடுவோம்.

இந்த நடைக்கு ஒரே ஓர் இடையூறு இருந்தது. அது தெருமுனையில், எங்களுக்கு எதிர்வரிசையில் இருந்த வீட்டின் நாய்.

வெள்ளை நிறம், நீண்ட கால்கள், ஒட்டிய வயிறு, இளஞ்சிவப்பு மூக்கு. இராஜபாளையம் இனத்தைச் சேர்ந்த அந்த நாயைத் தொலைவிலிருந்து பார்த்தால் அழகுதான். ஆனால் விடியற்காலையில் அந்த வீட்டின் இரும்புக் கதவு திறந்தே கிடக்கும். நாங்கள் பத்தடி தூரத்தில் வரும்போதே அது பாய்ந்து வந்து, பல்லைக் காட்டி, எங்களைச் சுற்றிச் சுற்றிக் குரைக்கும். வீட்டுக்கார முதியவர் திண்ணையிலிருந்தபடி அதட்டுவார். அது திரும்பியும் பாராது. அவரோ, "கடிக்காது பாய்! குரைக்கும், அவ்வளவுதான்" என்பார்.

நாய் வளர்க்கும் எல்லோரும் சொல்லும் சொல்தான் இது. தம்மைக் கடிக்காத நாய் பிறரையும் கடிக்காது என்று அவர்கள் மெய்யாகவே நம்புகிறார்கள். அச்சத்தில் நிற்பவனுக்கு அந்தச் சொல்லால் ஓர் ஆறுதலும் இல்லை.

நான் என்ன செய்திருக்கவேண்டும்? நேரில் சென்று உட்கார்ந்து பேசியிருக்கவேண்டும். செய்யவில்லை. வேறு தெரு வழியாகச் சுற்றிப் போனோம். அங்கே மாட்டுவண்டியும் லாரியுமாக நெரிசல். பின்னர் நடப்பதையே நாள் தள்ளினோம், பிறகு விட்டேவிட்டோம். மூன்று மாதம் கழித்துப் பரிசோதித்தபோது துணைவியின் சர்க்கரை அளவு ஏறியிருந்தது. மருத்துவர் காரணம் கேட்டார். "எதிர்வீட்டு நாய்" என்று சொல்ல வெட்கப்பட்டு, இருவரும் வாய்மூடி நின்றோம்.

நடந்த விபரீதம்

மீண்டும் நடக்கத் தொடங்கிய நான்காம் நாள் அது நிகழ்ந்தது. அன்று நாய் வழக்கத்தைவிட மூர்க்கமாக வந்தது. நான் மகனைத் தூக்கிக்கொண்டு, மகளைப் பார்த்து, "ஓடு! ஓடு!" என்று கத்தினேன். அவள் ஓடினாள். ஓடியவளைத் துரத்திச் சென்று கெண்டைக்காலில் கடித்துவிட்டது.

இதை எழுதும்போது என் கை கூசுகிறது. அசையாமல் நின்றிருந்தால் அந்தக் கடி நேராமலே இருந்திருக்கலாம் என்று பின்னர் கால்நடை மருத்துவர் விளக்கினார். ஓடுவதைத் துரத்துவது நாயின் இயற்கை. பிள்ளையை ஓடச் சொன்னவன் நான்.

வீட்டில் ஒரே குழப்பம். பக்கத்து வீட்டுப் பெண்மணி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக் கொண்டு வந்தார். மற்றொருவர் மிளகாய்ப்பொடி என்றார். என் தாயார், "நாயின் எச்சில் பட்ட ஆடையாயிற்றே! ஏழு முறை கழுவவேண்டுமே!" என்று பதறினார். ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் குடும்பம் எங்களுடையது. அச்சட்டத்தைப் பாடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவனும் நான். ஆயினும், "உம்மா, ஆடை காத்திருக்கட்டும், காயம் காத்திருக்காது" என்று சொல்லிவிட்டு, குழாயடியில் பிள்ளையின் காலை வைத்து, சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் ஓடும் நீரில் கழுவினேன். என்றோ ஒரு சுகாதார நிலையச் சுவரில் படித்த செய்தி, அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது இறைவனின் அருளேயாகும்.

வெறிநாய்க்கடி: அறியவேண்டியவை

ராபீஸ் என்னும் வெறிநாய்க்கடி நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. மனிதருக்கு வரும் இந்நோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வரை நாய்களாலேயே வருகிறது என்றும், பாதிக்கப்படுவோரில் பத்தில் நான்கு பேர் 15 வயதுக்குட்பட்ட சிறுவர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நாயின் எச்சிலிலிருந்து காயத்தில் புகும் நச்சுயிரி, நரம்பின் வழியே மெல்ல மூளையை நோக்கிச் செல்கிறது. வழக்கமாக இரண்டு மூன்று மாதங்களில் நோய் வெளிப்படும். ஒரே வாரத்தில் வெளிப்படுவதும் உண்டு. ஓராண்டு வரை தாமதமாவதும் உண்டு. முகத்திலும் தலையிலும் பட்ட கடி மூளைக்கு அருகில் இருப்பதால் ஆபத்து மிகுதி.

அச்சமூட்டும் இந்நோயை முற்றாகத் தடுக்கவும் முடியும் என்பதே மகிழ்ச்சிக்குரிய செய்தி. நச்சுயிரியின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதைக் கரைத்துவிடும். ஆகவே சோப்பும் ஓடும் நீருமே முதல் மருந்து. கழுவும் நேரம் 15 நிமிடம். அதன் பிறகு தாமதமின்றித் தடுப்பூசி. அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். முதல் நாளைப் பூஜ்ஜியமாகக் கொண்டு 3, 7, 28ஆம் நாள்களில் தோலுக்குள் போடுகிறார்கள். இரத்தம் வரும்படியான கடியாயின், காயத்தைச் சுற்றியே எதிர்ப்பு மருந்தொன்றையும் செலுத்துவார்கள். என் மகளுக்கும் செலுத்தினார்கள்.

என் தாயார், "தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசியா?" என்று அழுதார். அந்தக் காலம் போய்விட்டது. 1885ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர், ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இத்தடுப்பு மருந்தைச் செலுத்தினார். நம் மாநிலத்தில் குன்னூரில் 1907ஆம் ஆண்டிலேயே பாஸ்டர் பெயரில் ஆய்வு நிலையம் அமைந்தது. ஆட்டின் மூளையிலிருந்து செய்யப்பட்ட பழைய மருந்தைத்தான் வயிற்றில் நாள்தோறும் போட்டார்கள். அது கைவிடப்பட்டு இருபது ஆண்டுகள் ஆகின்றன. இன்றைய ஊசி கையில் போடப்படுகிறது, வலியும் குறைவு.

இங்கே மற்றொன்றையும் சொல்லவேண்டும். நாய் கடித்த பிள்ளையை ஓதிப் பார்க்கச் சொல்லி என்னிடம் அழைத்து வரும் பெற்றோர் உண்டு. துஆச் செய்வதில் தவறில்லை, செய்யத்தான் வேண்டும். ஆனால் தண்ணீர் ஓதி வாங்குவது ஊசிக்கு மாற்றாகாது. முதலில் மருத்துவமனை, பிறகு என் வீடு. அப்படித்தான் அனுப்பி வைக்கிறேன்.

பள்ளிவாசலில் எழுந்த பேச்சு

அன்று மஃரிபுக்குப் பின் பள்ளியின் ஹவுளருகே சிலர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அனுதாபமாகத் தொடங்கிய பேச்சு திசைமாறியது. "நம் பிள்ளைகள் போகிற நேரம் பார்த்துத்தான் ஹஜ்ரத் அவிழ்த்து விடுகிறார்" என்றார் ஒருவர். இன்னோர் இளைஞர் குரலைத் தாழ்த்தி, "பிஸ்கட்டில் மருந்து வைத்தால் ஒரே இரவில் தீர்ந்தது" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன். ஒரு கணம் நான் மறுத்துப் பேசவில்லை. மகளின் காலில் பார்த்த இரண்டு பல் தடங்களும் என் கண்முன் நின்றன. அந்த ஒரு கணத்தில், இந்தப் பாவத்தை வேறொருவர் செய்தால் எனக்கு நல்லதுதானே என்று என் உள்ளம் கணக்குப் போட்டது.

தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றிலிறங்கி நீர் கொணர்ந்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டது என்ற நபிமொழியை அந்த வாரம்தான் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லியிருந்தேன். அது நினைவுக்கு வந்ததும் நாணினேன். நாயின் எச்சில் நஜீஸ் என்பது தூய்மை பற்றிய சட்டம்; அந்த உயிரைக் கொல்வதற்கான அனுமதிச் சீட்டன்று. காவலுக்கும் வேட்டைக்கும் மந்தைக்கும் நாய் வைத்துக்கொள்ள மார்க்கம் இடம் தந்திருக்கிறது. குகைத் தோழர்களுடன் வாயிலில் கிடந்த நாயைத் திருமறையே குறிப்பிடுகிறது. மேலும், ஒரு நாய் நஞ்சுண்டு செத்துக் கிடந்தால், அது யார் வைத்த நஞ்சு என்ற கேள்வி அந்த வீட்டு வாசலோடு நிற்குமா? தலைமுறை தலைமுறையாகப் பொங்கலும் நோன்புக் கஞ்சியும் மாறிமாறிப் போய்வரும் தெரு எங்களுடையது. "வேண்டாம் தம்பி, நாளைக் காலை நானே போய்ப் பேசுகிறேன்" என்று சொல்லி எழுந்தேன்.

திண்ணையில் தெரிந்த உண்மை

மறுநாள் துணைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு அவ்வீட்டிற்குச் சென்றேன். நாய் பின்புறம் கட்டப்பட்டிருந்தது. முதியவர் மகளின் காலிலிருந்த காயத்தைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். "என்னிடம் யாரும் சொல்லவில்லையே, பாய்!" என்றார். நான் ஓடச் சொன்னதையும், கடித்தது அவர் கண்ணில் படாத வளைவுக்கு அப்பால் என்பதையும் அப்போதுதான் உணர்ந்தேன். மூன்றாண்டு அண்டைவீட்டாராக இருந்தும் அன்றுதான் அவர் திண்ணையில் முதன்முறையாக உட்கார்ந்தேன்.

அவர் மனைவி இறந்து இரண்டாண்டு. மகன்கள் இருவரும் வெளியூரில். வீட்டுக் காவலுக்கென்று மூத்தவன் வாங்கித் தந்த நாய் அது. முன்பெல்லாம் அவரே அதை வாரில் பிடித்து நடத்திச் செல்வார். மூட்டுவலி வந்தபின் முடியவில்லை. ஆகவே விடியற்காலையில் கதவைத் திறந்து விட்டுவிடுவார். அது தானே போய்த் திரும்பட்டும் என்று. அதட்டியும் கேட்காததற்குக் காரணம் பிடிவாதமன்று; அதற்குக் காது சரியாகக் கேட்காது. வெண்ணிறமான இவ்வினத்தில் பிறவிச் செவிடு காணப்படுவது உண்டாம். எங்கள்மேல் ஏவிவிட்டார் என்று ஊர் பேசியது. கூப்பிட்டாலும் கேட்காத நாய் அது.

அவர் தடுப்பூசி அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். ஏழு மாதங்களுக்கு முன் போட்டிருந்தார். கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்கவேண்டும் என்று மருத்துவர் சொன்னதைத் தெரிவித்தேன். நாள்தோறும் காலையில் தாமே வந்து, "நன்றாகச் சாப்பிடுகிறது பாய்" என்று சொல்லிப் போனார். பத்தாம் நாளும் நாய் நலமாகவே இருந்தது. ஆயினும் ஊசியை நாங்கள் நிறுத்தவில்லை.

இரு வீட்டாரும் பேசி மூன்று முடிவுகள் செய்தோம். இரும்புக் கதவுக்குத் தானே மூடிக்கொள்ளும் தாழ் போடுவது. கொல்லைப்புறத்தில் வேலியடைத்து நாய் அங்கே ஓடியாடச் செய்வது. தெருவில் கொண்டுவந்தால் வாரும் வாய்க்கூடும் இன்றிக் கொண்டுவராதிருப்பது. வேலிக்குக் கம்பு நட எங்கள் தெரு இளைஞர்களே போனார்கள். பிஸ்கட் யோசனை சொன்னவரும் அவர்களில் ஒருவர்.

சட்டம் என்ன சொல்கிறது?

எல்லா அண்டைவீட்டாரும் இப்படி இருக்கமாட்டார்கள். பேசியும் பயனில்லையெனில் எழுத்து மூலம் தெரிவித்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நகராட்சியிலோ ஊராட்சியிலோ முறையிடுங்கள். தம் விலங்கால் பிறருக்கு ஆபத்து நேராதபடி காக்கத் தவறுவோருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு வழிசெய்கிறது. ஆபத்தான விலங்கை அடைத்து வைக்க உத்தரவிடும் அதிகாரம் கோட்டாட்சியருக்கும் உண்டு.

அதே சட்டத்தின் 325ஆம் பிரிவு, விலங்கை நஞ்சிட்டோ வேறுவகையிலோ கொல்வோருக்கு ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாய்க்கு உரிய நடமாட்டம் தராததும் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமே. ஆக, அவிழ்த்து விடுவதும் தவறு; அல்லும் பகலும் கட்டிப் போடுவதும் தவறு.

பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்

நாய் பாய்ந்து வந்தால் ஓடாதே, கத்தாதே, கல்லெடுக்காதே. கைகளை உடலோடு சேர்த்து மரம்போல நில். அதன் கண்ணை நேருக்கு நேர் பார்க்காதே. அது அடங்கியதும், முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்வாங்கு. கையில் குடையோ பையோ இருந்தால் இடையில் பிடி. கீழே விழுந்துவிட்டால் உடலைச் சுருட்டி, கழுத்தையும் காதையும் கைகளால் மூடிக்கொள். சிறு கீறலானாலும் வீட்டில் மறைக்காதே.

இந்தக் கடைசி அறிவுரையைப் பெற்றோரும் கேட்கவேண்டும். அடிப்பார்கள் என்று அஞ்சிக் காயத்தை மறைக்கும் பிள்ளைகள் உண்டு. நாய் கடித்து வந்த பிள்ளையை ஏசாதீர்கள்.

மகளுக்கு 28ஆம் நாள் ஊசி முடிந்த மறுநாள் நடையைத் தொடங்கினோம். வேலிக்குள்ளிருந்து அந்த நாய் இன்றும் எங்களைப் பார்த்துக் குரைக்கத்தான் செய்கிறது. அந்த வீட்டைக் கடக்கும்வரை மகள் என் கையை இறுகப் பற்றிக்கொள்கிறாள், கடந்ததும் விட்டுவிடுகிறாள். திண்ணையிலிருந்து முதியவர் கையுயர்த்துகிறார். துணைவியின் சர்க்கரை இறங்கியிருப்பதாக மருத்துவர் கூறினார்.

அண்டைவீட்டாரைச் சொத்துக்கும் வாரிசாக்கிவிடுவார்களோ என்று எண்ணுமளவுக்கு வானவர் ஜிப்ரீல் (அலை) அவர்கள் தமக்கு அறிவுறுத்தியதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். அதைப் பல்லாண்டு காலம் பாடமாக நடத்திய நான், பத்தடி தூரத்திலிருந்த வாசற்படியை மிதிக்க மூன்றாண்டு எடுத்துக்கொண்டேன். அதற்கான விலையை என் மகள் கொடுத்தாள். இதைப் படிக்கும் சகோதர சகோதரிகள் அவ்வளவு தாமதிக்க வேண்டாம். வல்ல இறைவன் நம் தெருக்களைப் பிள்ளைகள் அச்சமின்றி நடக்கும் தெருக்களாக ஆக்கியருள்வானாக!